பிரிநிலைக் கணிதம் எழுதுவோர் பெற வேண்டிய அறிவுரை

வெள்ளாறு பல்கலைக்கழகத்தில் அந்த வருஷம் பிரிநிலைக் கணிதம் என்ற புதிய பேப்பரை இருபத்திரண்டு பேர் எடுத்தார்கள். பத்தொன்பது பேர் தோற்றார்கள். துணைவேந்தர் மனம் நொந்து, ஐந்து பேர் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்தார். குழு பதினொரு முறை கூடியது. பதினொரு முறையும் கீரை வடை இருந்தது. கடைசியில் அறிக்கை வந்தது. அந்தப் பேப்பருக்கு வருஷம் முழுக்க வகுப்பே நடக்கவில்லை என்பதை நாற்பத்தோராம் பக்கத்தில் அடிக்குறிப்பாகச் சொல்லியிருந்தார்கள். தோல்விக்கு உண்மையான காரணம் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் இருந்தது: மாணவர்களுக்குத் தக்க அறிவுரை கிடைக்கவில்லை.

உடனே அறிவுரைத் துறை பிறந்தது. சிதம்பரத்துக்கு வடக்கே, பல்கலைக்கழக வளாகத்துக்குள், மஞ்சள் சுண்ணாம்பு அடித்த ஒரு கட்டடம் எழும்பியது. ஆறு அறைகள், ஆறு அறிவுரையாளர்கள், அவர்களுக்கு மேலே ஓர் இயக்குநர். பிரிநிலைக் கணிதம் நடத்த வேண்டிய பேராசிரியர் ராமாமிர்தத்தையே இயக்குநராகப் போட்டார்கள். ஆகவே அடுத்த வருஷமும் வகுப்பு நடக்கவில்லை. ஆனால் இப்போது அதற்குக் காரணம் இருந்தது.

ரஃபியுதீனுக்கு இந்த வரலாறெல்லாம் தெரியாது. தனக்கு ஒரு பேப்பர் பாக்கி என்பது மட்டும் தெரியும்.

அவன் கடலூர் முதுநகர்க்காரன். மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்லூரியில் தற்காலிக டியூட்டர். வயது இருபத்தாறு. இரண்டு வருஷத்துக்கு முன்பு, எம்.ஏ. கடைசிப் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது, அவன் மனைவி மெகருன்னிசா பிரசவமான நாலாம் நாள் ஜுரத்தில் இறந்துபோனாள். அன்றைக்கு இருந்த பேப்பரை அவன் எழுதவில்லை. மறுபடி எழுதலாம் என்று போனபோது அந்தப் பேப்பரையே ஒழித்துவிட்டு, அதன் இடத்தில் பிரிநிலைக் கணிதத்தை வைத்திருந்தார்கள்.

கணக்கு நல்ல கணக்குதான். ஒன்று, இரண்டு என்று தனித்தனியாக எண்ணக்கூடியவற்றைப் பற்றியது. எட்டுப் பேரை வட்ட மேசையில் எத்தனை விதமாக உட்கார வைக்கலாம், எந்தப் பாலத்தையும் இரண்டாம் முறை மிதிக்காமல் ஊரைச் சுற்றி வர முடியுமா, இது மெய்யானால் அது பொய்யா என்றெல்லாம் போகும். மதராஸில் இருந்த ஒரு நண்பனிடம் புத்தகத்தை இரவல் வாங்கி, இருநூற்றுப் பத்துப் பக்கத்தையும் அவன் கையாலேயே எழுதி வைத்திருந்தான். எழுதிக்கொண்டிருக்கும்போது வேறொன்றும் நினைவுக்கு வராது. அதனால் இரண்டு முறை எழுதினான்.

குழந்தை அமீனா மேல்பட்டாம்பாக்கத்தில் மாமியார் ஆசியா உம்மாளிடம் வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் போவான். குழந்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஆசியா உம்மாளின் முக்காட்டுக்குள் புகுந்துகொள்ளும். ஞாயிறுதோறும் வருகிறவன், ஞாயிறுதோறும் புதியவன்.

தை மாதத்து ஞாயிறு ஒன்றில் ஆசியா உம்மாள் விஷயத்தைச் சொன்னாள்.

"மாப்புள, எனக்கும் புள்ளயத் தூக்கிக்கிட்டு கடல் தாண்டணும்னு ஆசையில்ல. மீரான் பினாங்குல ஒத்தையில கெடக்குறான். வா உம்மா வா உம்மான்னு காயிதமா போடுறான். ஆடி பொறந்ததும் கப்பலு. நீங்க டியூட்டரு டியூட்டருன்னு லாட்ஜு ரூமுல குந்திக்கிட்டு இருந்தா, இதை யாருகிட்ட உட்டுட்டு நான் போவ?"

"வேலை கெடைச்சிடும் மாமி. ஒரு பேப்பர்தான். ஜூன் மாசத்துக்குள்ள எம்.ஏ. முடிச்சிட்டா லெக்சரரா எடுத்துக்கிறேன்னு பிரின்சிபால் சொல்லியிருக்காரு."

"கெடைக்கட்டும், அல்லா கண்ணத் தொறக்கட்டும். வேலைக் காயிதத்தையும் ஊட்டுச் சாவியையும் கொண்டாந்து காட்டுங்க. புள்ளய உங்க கையில குடுத்துட்டு பிஸ்மில்லான்னு ஏறிக்கிறேன். இல்லேன்னா அதுக்கும் சேத்துதான் டிக்கெட்டு. வருத்தப்படாதீங்க."

வருத்தப்படுகிறானா என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை. தலையாட்டினான்.

மறுநாள் பாசஞ்சர் வண்டியில் ஏறி, புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ஒவ்வொரு நிலையத்திலும் நின்று, சிதம்பரம் போய்ச் சேர்ந்தான். தேர்வு விண்ணப்பத்தை நீட்டினான். அறிவுரைத் துறையின் குமாஸ்தா சபாபதி வாங்கிப் பார்த்தார். அவர் காதில் ஒரு சிவப்புப் பென்சில் இருந்தது. சட்டைப்பையில் இன்னொன்று.

"அறிவுரை வாங்கிட்டீங்களா?"

"புத்தகம் முழுக்கப் படிச்சிட்டேன் சார்."

சபாபதி சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அதை வெளிய சொல்லாதீங்க தம்பி. அறிவுரை வாங்காம படிச்சிட்டீங்கன்னு தெரிஞ்சா ஏழாவது விதியில மாட்டிக்குவீங்க. ஒண்ணும் படிக்காதவர் மாதிரியே இருங்க. மத்தவங்க எல்லாம் அப்படித்தான் இருக்காங்க."

விதிகள் அச்சடித்த புத்தகமாகவே இருந்தன. ஆறு அறைகளிலும் வரிசை தவறாமல் அறிவுரை பெற்று, பதிவேட்டில் கையெழுத்திட்டு, ஏழாவதாக, அந்தப் பேப்பரில் முன்பு தேறிய ஒருவரின் அறிவுரையை அவர் கைப்பட எழுதி வாங்கி வர வேண்டும். அப்போதுதான் ஹால் டிக்கெட். ஒவ்வோர் அறையும் வாரத்தில் ஒரு நாள்தான் திறக்கும். முதல் அறை சனிக்கிழமை. இரண்டாவது வெள்ளி. மூன்றாவது வியாழன். இப்படியே பின்னால் வந்து ஆறாவது அறை திங்கட்கிழமை.

ரஃபியுதீன் அங்கேயே நின்று மனக்கணக்குப் போட்டான். சனிக்கிழமை முதல் அறைக்குப் போனால் இரண்டாவது அறைக்கு அடுத்த வெள்ளிவரை காத்திருக்க வேண்டும். ஆக மொத்தம் முப்பத்தொரு நாள்.

"சார், வரிசையைத் திருப்பிப் போட்டா ஆறே நாள்ல முடிஞ்சிடும். முதல் அறையை திங்கட்கிழமை வச்சா போதும்."

சபாபதி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஆறு நாள்ல முடிஞ்சிட்டா அப்புறம் வருஷம் பூரா நாங்க என்னா தம்பி பண்றது?"

முதல் அறையில் அறிவுரை: தினமும் படி. அறிவுரையாளர் அதை எழுந்து நின்று சொன்னார். சொல்லி முடித்ததும் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பின்னால் பதினாலு பேர் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுந்து நின்று சொல்ல வேண்டும்.

அடுத்த வெள்ளியன்று இரண்டாவது அறையில், புரியாமல் எதையும் மனப்பாடம் செய்யாதே என்றார்கள். அதற்கடுத்த வியாழன் மூன்றாவது அறையில் இருந்தவர், தேற்றங்களை முதலில் மனப்பாடம் செய்துவிடு, புரிவது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"இரண்டாவது அறையில மனப்பாடம் வேணாம்னு சொன்னாங்க சார்."

"அது இரண்டாவது அறை. இது மூணாவது அறை."

இதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. கையெழுத்துப் போட்டான்.

நாலாவது அறையின் அறிவுரை, நண்பர்களோடு சேர்ந்து படி என்பது. அங்கே நண்பர்கள் இருவரின் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும். முதல் பெயராகக் கல்லூரியில் கூட வேலை பார்க்கும் சுப்பிரமணியன் பெயரை எழுதினான். இரண்டாவது பெயர் தோன்றவில்லை. பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். மெகருன்னிசா என்று எழுதினான்.

"இவங்களும் இந்தப் பேப்பர் படிக்கிறாங்களா?"

"இல்லை சார்."

"வேற ஊரா?"

"ஆமாம் சார்."

"பரவாயில்லை. கடுதாசி போட்டுக்கிட்டுப் படிங்க."

அடுத்த செவ்வாய், ஐந்தாவது அறை. தனியாக உட்கார்ந்து படி என்பது அங்கத்து அறிவுரை. அறிவுரையாளர் பதிவேட்டைப் புரட்டி முகத்தைச் சுளித்தார். "என்னய்யா, ரெண்டு பேரைக் கூட வச்சிருக்கீர்? இது எப்படித் தனியாப் படிக்கிறது ஆகும்?" என்றவர், சிவப்பு மையைத் தொட்டு இரண்டு பெயர்களையும் அடித்தார். அடித்தது தெளிவாக இருக்க வேண்டும் என்று இரண்டாம் முறையும் அடித்தார். ரஃபியுதீன் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அதன் கீழே, நான் சம்மதிக்கிறேன் என்று எழுதியிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

ஆறாவது அறையில் இருந்தவர் இளைஞர். சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் உடனே கேள் என்று அழகாகச் சொன்னார். ரஃபியுதீன் கூச்சப்படாமல் நோட்டை எடுத்து, பாலங்கள் பற்றிய கணக்கில் ஒரு படியைக் காட்டி, இது சரியா சார் என்று கேட்டான்.

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். "கேளுங்கிறதுதான் அறிவுரை. பதில் சொல்லணும்னு எங்க இருக்கு? பதில் சொன்னா அது பாடம் ஆயிடும் சார். என் வேலைக்கு உலை வைக்காதீங்க. எனக்கும் ரெண்டு பொம்பளைப் புள்ளைங்க இருக்கு."

ஆறும் முடிந்ததும் இயக்குநர் ராமாமிர்தத்தைப் பார்த்து ஆசி பெற வேண்டும். அவர் அறையில் ஒரு கண்ணாடி பீரோ இருந்தது. அதற்குள் பிரிநிலைக் கணிதப் புத்தகம் ஒன்று, தாழம்பூ நிற அட்டை போட்டு, பூட்டி வைக்கப்பட்டிருந்தது. நூலகத்தில் இருந்த ஒரே பிரதி அதுதான். அறிவுரையாளர்களின் பார்வைக்கு என்று சீட்டு ஒட்டியிருந்தது. பீரோவைத் திறந்த சுவடு இல்லை.

"உட்காருங்க ரஃபியுதீன். முகத்துல ஒரு தெளிவு தெரியுது. முன்னே நான் முப்பது வருஷம் பாடம் நடத்தினேன். என்ன கண்டேன்? பாடம் சொல்லிப் பையனுக்குப் புரியலைன்னா, பழி வாத்தியார் மேல. அறிவுரை சொல்லிப் பையன் தேறலைன்னா, பழி பையன் மேல. ஒரு நிர்வாகம் எதை விரும்பும், சொல்லுங்க?"

"அறிவுரையை சார்."

"பாடம் மாறிக்கிட்டே இருக்கும். இந்தப் பேப்பரையே எடுத்துக்குங்க, எனக்கே இது புதுசு. நான் எதுக்கு ஒளிக்கணும்? பீரோவுல இருக்கிற புஸ்தகத்தை நான் பிரிச்சது கிடையாது. ஆனா இதுக்கு அறிவுரை சொல்ல என்னால முடியுது பாருங்க. வைத்தியத்துக்கும் சொல்லுவேன். விவசாயத்துக்கும் சொல்லுவேன். அதான் அறிவுரையோட மகிமை."

மெகருன்னிசா இருந்திருந்தால், வீட்டுக்குப் போய் இதைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அவள் இல்லாததால் அவனும் சிரிக்கவில்லை.

முன்பு தேறியவர்கள் மூன்றே பேர். ஒருவர் அந்தமானுக்குப் போய்விட்டார். ஒருவருடைய விலாசத்தைக் கரையான் தின்றுவிட்டது. மூன்றாமவன் கொளஞ்சி, குமராட்சிக்காரன். கடைசித் தேதிக்கு முதல் நாள்தான் ரஃபியுதீனுக்கு லீவு கிடைத்தது. சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்துப் போனான். கொளஞ்சி வயலில் ஆட்களோடு உளுந்துச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் இடுப்புத் துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான்.

"என்கிட்டயா பாய் அறிவுரை? யாரு அனுப்பினது?"

"பல்கலைக்கழகத்துலதான். நீங்க தேறினவராச்சே."

"தேறினது வாஸ்தவம். பரீட்சைக்குப் போவல, அதுவும் வாஸ்தவம்."

ரஃபியுதீன் புரியாமல் பார்த்தான்.

"அன்னிக்கி எங்க அக்காவுக்கு வளகாப்பு பாய். ஒண்ணும் படிக்கல, போயி என்னா எழுதறதுன்னு இங்கியே நின்னுட்டேன். பாத்தா ரிசல்ட்டுல பாசுன்னு வருது! நான் பயந்தே பூட்டேன். அப்புறம்தான் தெரியுது, பாசான மூணு பேருமே போவாதவனுங்க. போயி குந்தி எழுதினவன் பத்தொம்போது பேரும் அவுட்டு."

"அது எப்படி?"

"ஹால்ல அட்டெண்டன்சை எல்லாருக்கும் மொத்தமா போட்டுட்டானுவ. கட்டப் பிரிச்சா மூணு பேப்பர் கொறையுது. ஐயோ, தொலச்சிட்டோம்டான்னு நெனச்சிக்கினானுவ. வெளிய தெரிஞ்சா விசாரணை, சஸ்பெண்டு. கம்முனு பாசுன்னு போட்டு மூடிட்டானுவ. அவ்ளோதான் விசயம். வாங்க, எளநீ சாப்புடுங்க."

இளநீர் குடித்துவிட்டு ரஃபியுதீன் படிவத்தை நீட்டினான். "தினமும் படின்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. எனக்கு அது போதும்."

கொளஞ்சி படிவத்தை எழுத்துக் கூட்டிப் படித்தான். நான் எப்படித் தேறினேனோ அதையே அறிவுரையாக எழுதுகிறேன், இதில் பொய் இருந்தால் என் பட்டத்தை ரத்து செய்ய எனக்கு ஆட்சேபணை இல்லை என்று அச்சடித்திருந்தது.

"மாட்டேன் பாய். கோவிச்சுக்காதீங்க. தாலுக்கா ஆபீசு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேன். நாளைக்கு எவனாவது இதைத் தோண்டினா என் பொழப்புல மண்ணு. உள்ளதை எழுதறேன், வேணாங்காதீங்க."

ஒரே வரிதான் எழுதினான்: தேர்வுக்குப் போகாதே. கீழே கொளஞ்சி, எம்.ஏ. என்று கையெழுத்திட்டான். கடைசி பஸ் ஹாரன் அடித்தது. ரஃபியுதீன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஓடினான்.

மறுநாள் சபாபதி அதைப் படித்தார். இரண்டாம் முறை படித்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடியும் காதிலேயே வைத்துக்கொண்டார். "இப்படி ஒண்ணு வந்ததே கிடையாது தம்பி. விதி பதினாலு தெரியுமில்ல? பெற்ற அறிவுரையைப் பின்பற்றாதவர் தேர்வெழுதத் தகுதியற்றவர். பதிவேட்டுல ஏறிட்டா மாத்த முடியாது."

"ஏத்தாதீங்க சார்."

"நீங்க கையில குடுத்தப்பவே ஏறிடுச்சே."

அறிவுரைப் பேரவை அவசரமாகக் கூடியது. ஆறு அறிவுரையாளர்களும் இயக்குநரும் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ரஃபியுதீன் கதவோரமாக நின்றான். முதல் அறைக்காரர் எழுந்து நின்று, அறிவுரை என்பது எதுவானாலும் புனிதமானது, அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது நம் மரபல்ல என்றார். மூன்றாவது அறைக்காரர், வரி சுருக்கமாக இருப்பதால் மனப்பாடம் செய்ய ஏற்றது என்று பாராட்டினார். ஐந்தாவது அறைக்காரர், தேர்வுக்குப் போகாதவன் தனியாகத்தான் இருப்பான், ஆகவே தன் அறிவுரைக்கும் இது உடன்பாடு என்றார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. யாராவது ஒருவர் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டால் தீர்ந்துவிடும் என்று ரஃபியுதீன் நினைத்தான். ஒருவர்கூடக் கிழிக்கிறவராகத் தெரியவில்லை.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று இயக்குநர் அவனையே கேட்டார்.

"எனக்கு எழுதத் தகுதி வேணும்னா நான் எழுதப் போகக்கூடாது சார். போனா தகுதி போயிடும். அதாவது, நான் எழுத முடிஞ்சா எழுத முடியாது. எழுதாம இருந்தாத்தான் எழுதலாம்."

ராமாமிர்தம் மேசையைத் தட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"பாத்தீங்களா! போன மாசம் இதே பையன் ஒண்ணும் பேசத் தெரியாம நின்னான். இப்ப என்னமா பேசறான்! இதுதான்யா அறிவுரை!"

எல்லாரும் கை தட்டினார்கள். ரஃபியுதீனுக்கு ஹால் டிக்கெட் வழங்குவது என்றும், அவன் தேர்வு நாளன்று வளாகத்துக்குள் வந்து, மண்டபத்துக்குள் போகாமல், மூன்று மணி நேரமும் வெளியே இருந்து அறிவுரையைப் பின்பற்ற வேண்டும் என்றும் ஏகமனதாகத் தீர்மானமாயிற்று.

சித்திரை வெயிலில் அவன் மண்டபத்துக்கு எதிரே புங்க மரத்தடியில் உட்கார்ந்தான். உள்ளே பதினாலு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவரும் அந்தப் புத்தகத்தைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் எல்லாரிடமும் ஆறு அறிவுரைகள் இருந்தன. ஏழாவது அறிவுரையை அந்தமான்காரர் தபாலில் அனுப்பியிருந்தார்: உடம்பைப் பார்த்துக்கொள். பரீட்சைக்குப் போகாததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை எழுதவில்லை.

மேற்பார்வையாளர் அரைமணிக்கு ஒருமுறை வெளியே வந்து, ரஃபியுதீன் எழுதாமல் இருக்கிறானா என்று பார்த்துவிட்டுப் போனார். ஒருமுறை கேள்வித்தாளால் விசிறிக்கொண்டே வந்தார். விசிறியின் அந்தப் பக்கம் மூன்றாவது கேள்வி தெரிந்தது. பாலங்கள். ரஃபியுதீன் முழு விடையையும் மனதுக்குள் எழுதி முடித்தான். கீழே ஒரு கோடும் போட்டான். பிறகு, பாசஞ்சர் வண்டிக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று யோசித்தான்.

ஜூன் மாதம் முடிவு வந்தது. இந்த முறையும் அட்டெண்டன்ஸை எல்லாருக்கும் மொத்தமாகப் போட்டிருந்தார்கள்; கட்டைப் பிரித்தபோது ஒரு பேப்பர் குறைந்தது. உள்ளே இருந்த பதினாலு பேரும் தோல்வி. வெளியே இருந்த ஒருவன் முதல் வகுப்பு.

ரஃபியுதீன் அதை எடுத்துக்கொண்டு மஞ்சக்குப்பத்துக்கு ஓடினான். பிரின்சிபால் நல்ல மனிதர். நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு ஒரு சுற்றறிக்கையைக் காட்டினார். பிரிநிலைக் கணிதம் இனிப் பாடமாக நடத்தப்பட மாட்டாது, அறிவுரையாக மட்டுமே வழங்கப்படும் என்று பல்கலைக்கழகம் எல்லாக் கல்லூரிகளுக்கும் எழுதியிருந்தது. "லெக்சரர் போஸ்ட்டே போயிடுச்சுப்பா. நான் என்ன பண்ணட்டும்?" என்றார். கப்பலுக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

அன்று மாலையே சிதம்பரத்திலிருந்து தந்தி. இயக்குநர் கூப்பிட்டிருந்தார்.

"வாங்க ரஃபியுதீன்! உங்களைப் பத்தித்தான் துணைவேந்தர்கிட்ட பேசிக்கிட்டு இருந்தேன். அறிவுரையை மீறி உள்ளே போனவன் பதினாலு பேர். பதினாலு பேரும் போச்சு. பின்பற்றினவன் ஒருத்தர், தேறிட்டார். போன வருஷக் கணக்கும் இப்படித்தான்னு சபாபதி சொல்றார். இதுல எங்கயாவது ஓட்டை இருக்கா? நீங்க கணக்குக்காரர், சொல்லுங்க."

ஓட்டை இருந்த இடம் ரஃபியுதீனுக்கு நன்றாகத் தெரியும். அதன் வழியாகத்தான் அவன் வந்திருந்தான்.

"இல்லை சார்," என்றான்.

"ஏழாவது அறை திறக்கிறோம். நீங்கதான் அறிவுரையாளர். வர்ற ஒவ்வொரு மாணவருக்கும் அந்த ஒரு வரியைச் சொல்லணும். ஒருத்தரும் தேர்வுக்குப் போகக்கூடாது. அடுத்த வருஷம் நூத்துக்கு நூறு! இந்தியாவுல எந்தப் பல்கலைக்கழகத்துக்கு இருக்கு அந்தப் பெருமை? வளாகத்துலயே வீடு. இன்னைக்கே சாவி தர்றேன். ஒரே ஒரு நிபந்தனை. பாடம் மட்டும் நடத்திடாதீங்க. நடத்தினா அன்னைக்கே வீட்டைக் காலி பண்ணணும்."

சாவி கனமாக இருந்தது. அவன் வாங்கிக்கொண்டான்.

மேல்பட்டாம்பாக்கத்தில் ஆசியா உம்மாள் வேலைக் காயிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். சாவியை விரலால் தடவிப் பார்த்தாள்.

"லெக்சரரு வேலயா மாப்புள?"

"இல்லை மாமி. அறிவுரை சொல்ற வேலை."

"அதுக்கா ஊடு குடுக்கிறானுவ? எங்க தெருவுல அல்லாரும் சும்மாதானே சொல்றாளுவ!"

சொல்லிவிட்டு வெகுநேரம் சிரித்தாள். பிறகு சிரிப்பு அடங்கி, அமீனாவின் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள். நடுவில் ஒரு சட்டையை மடித்த கை நின்றுவிட்டது. "பருப்புச் சோறு குழைச்சிப் போட்டாத்தான் திங்கும். வெசனப்பட்டா காதைப் புடிச்சிக்கிட்டுத் தூங்கும். எழுதி வச்சிக்குங்க மாப்புள, மறந்துடுவீங்க." அவன் எழுதிக்கொண்டான்.

குழந்தை முதல் நான்கு நாள் அழுதது. ஐந்தாம் நாள் அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றது. வீடு பெருக்கும் சின்னம்மாள் காலையில் மட்டும் வருவாள்; மத்தியானத்துக்கு மேல் அமீனாவை அவன் அலுவலகத்துக்கே தூக்கிக்கொண்டு போனான். மேசைக்கடியில் ஒரு சின்னப் பாய் போட்டிருந்தான். அது அங்கே தூங்கும்.

ஏழாவது அறைக்கு முதலில் வந்தவள் சௌந்தரம் என்ற பெண். கம்மாபுரத்துப் பக்கம். முப்பத்தொரு நாளில் ஆறு அறைகளையும் முடித்துவிட்டு வந்திருந்தாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். தாழ்வாரத்தில் சபாபதி ஸ்டூலில் உட்கார்ந்து பதிவேட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், ஒரே ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க சார். ஆறு ரூமுலயும் கேட்டுட்டேன், யாருமே பாக்க மாட்டேங்குறாங்க. நெய்வேலியில ஒரு இன்ஜினியரு வச்சிருந்த புஸ்தகத்தப் பாத்து நானாவே போட்டது."

நோட்டைப் பிரித்து மேசையில் வைத்தாள். அவன் பார்த்தான். வட்ட மேசைக் கணக்கு, பாலங்கள், மெய் பொய் அட்டவணை. பக்கம் பக்கமாகச் சரியாக இருந்தது. பாலங்கள் கணக்கில் அவன் ஆறு படியில் செய்ததை அவள் நாலு படியில் முடித்திருந்தாள். அப்படி ஒரு வழி இருப்பது அவனுக்குத் தோன்றியதே இல்லை. விரல் தானாக அந்த வரிமேல் போய் நின்றது. கதவுக்கு வெளியே பென்சில் சத்தம் நின்றது.

அவன் விரலை எடுத்துக்கொண்டான்.

"சரியா இருக்குதா சார்?"

அவன் நோட்டை மூடி அவள் பக்கம் நகர்த்தினான்.

"நான் எழுதிடுவேன் சார். சத்தியமா சொல்றேன். எனக்கு வருது சார் இந்தக் கணக்கு. நீங்க மட்டும் போன்னு சொல்லிட்டீங்கன்னா..."

"தேர்வுக்குப் போகாதம்மா."

அவள் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து முன்னால் சாய்ந்தாள். அவன் இன்னொரு முறை சொன்னான். முதல் முறையைவிட இரண்டாம் முறை சுலபமாக வந்தது.

"ஏன் சார்?"

மேசைக்கடியில் அமீனா தூக்கத்தில் புரண்டு, அவன் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டது. ரஃபியுதீன் காலை அசைக்காமல், பதிவேட்டை மட்டும் அவள் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினான்.